ஒரே கம்பியில் இரண்டு குடித்தனம்

எமது வீடுகளின் முன்சுவரில், மின்மானிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு விரல் நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதனூடாக ஒரு வயர் உள்ளே வருகிறது. பல வீடுகளில் டீவியும் அதிலேதான் வருகிறது. இணையமும் அதிலேதான் வருகிறது. தொலைபேசி மணி அடிப்பதும் அதிலேதான். ஆகவே இணையவழி வகுப்பில் ஆசிரியையின் குரல் விக்கத் தொடங்கியதும் வீட்டில் உள்ள எல்லோருடைய பார்வையும் டீவியின் பக்கம் திரும்புகிறது. "டீவிய நிப்பாட்டுங்க, கிளாஸ் வருதில்ல" என்ற சத்தம் 2020 ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்ட நாளிலிருந்து எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கும். செய்தி பார்த்துக்கொண்டிருந்த வாப்பா முணுமுணுத்தபடி ரிமோட்டை எடுப்பார்.

டீவி உண்மையிலேயே குற்றவாளியா? சில வீடுகளில் ஆம். சில வீடுகளில் அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உள்ளே வரும் வயர் எந்த இனத்தைச் சேர்ந்தது, அதை யார் எப்படிப் பங்கு பிரித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பதில் மாறும். அந்தப் பங்கீட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. அதைத் தேடிப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: இந்தக் கம்பிகளைப் பிரித்துக் கொடுத்தவர்களின் மனதில் நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பவர்களாகத்தான் இருந்திருக்கிறோம், பேசுகிறவர்களாக அல்ல.

முதலில், ஒரு கம்பியில் இரண்டு விடயங்கள் ஒரே நேரத்தில் எப்படிப் போகின்றன என்று பார்ப்போம். மஃரிப் நேரத்தில் எங்கள் பகுதியில் மூன்று பள்ளிவாசல்களின் பாங்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். காற்று ஒன்றுதான். மூன்று குரல்களும் அந்த ஒரே காற்றை அதிரச் செய்துகொண்டு வருகின்றன. ஆனாலும் ஒன்றையொன்று உடைத்துவிடுவதில்லை. எந்தக் குரல் எந்தப் பள்ளிவாசலுடையது என்று எமது காது பிரித்தறிந்துவிடும். உயர்தரப் பௌதிகவியலில் மேற்பொருந்துகைத் தத்துவம் என்று படிப்பது இதைத்தான். அலைகள் சந்திக்கும் இடத்தில் கூடிக்கொள்ளும். சந்தித்துக் கடந்த பின் ஒவ்வொன்றும் தன் வழியே போகும்.

செம்புக் கம்பியில் ஓடும் மின்னலைகளுக்கும் இதே சட்டம்தான். ஆனால் கம்பிக்குத் திசை கிடையாது. எல்லாம் ஒரே முனையால் வந்து சேரும். ஆகவே பிரித்தெடுக்க ஒரே அடையாளம் மீடிறன். சுரமானிப் பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். இசைக்கவையை அடித்துச் சுரமானியில் ஊன்றியதும், கம்பியின் நீளம் சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் அதன் மேல் வைத்த கடதாசித் துண்டு துள்ளி விழும். மற்ற நீளங்களில் அசையவே அசையாது. அந்தப் பரிவுதான் டீவியின் உள்ளேயும் வேலை செய்கிறது. நூற்றுக்கணக்கான அலைகள் ஒன்றாக வந்து வாசலில் நிற்க, டீவியின் சுற்று தனக்குரிய மீடிறனுக்கு மட்டும் அசைந்து கொடுக்கிறது. இணைய மோடம் வேறொரு மீடிறனுக்கு அசைகிறது.

இனி வயருக்கு வருவோம். கேபிள் டீவி வயரை ஓரச்சு வடம் என்பார்கள். நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் காவலி, அதைச் சுற்றி உலோக வலை, எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்டிக் உறை. நடுக்கம்பிக்கும் வலைக்கும் அச்சு ஒன்றே என்பதால் இந்தப் பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஒலிவர் ஹெவிசைட் 1880 இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். சைகை வலைக்குள்ளேயே அடைபட்டுச் செல்வதால் வெளியே கசிவதும் குறைவு, வெளி இரைச்சல் உள்ளே நுழைவதும் குறைவு. டிஷ் அன்ரனாவிலிருந்து கீழே இறங்கும் தடித்த வயரும் இதே குடும்பம்தான்.

இந்த வடம் வீடுகளுக்கு வந்த கதை 1948 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்குகிறது. டீவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருந்த ஊர்களில் படம் தெரியாது. படம் தெரியாத ஊரில் டீவி எப்படி விற்பது? பென்சில்வேனியாவின் மஹனோய் சிட்டி என்ற சுரங்க நகரில் ஒரு கடைக்காரர் மலையுச்சியில் அன்ரனா நட்டு, அங்கிருந்து ஊருக்குள் வயர் இழுத்தார் என்று சொல்லப்படுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் ஒரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவிலும் இதே யோசனை ஒருவருக்குத் தோன்றியது. ஓர் ஊருக்குப் பொதுவாக ஓர் அன்ரனா, அதிலிருந்து வீடுவீடாக வயர். அவ்வளவுதான் கேபிள் டீவி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலையிலிருந்து வீட்டுக்கு என்ற ஒரே திசைதான் யாருக்கும் தேவைப்பட்டது. வடம் நீள நீளச் சைகை தேய்வதால் வழி நெடுக விரியலாக்கிகளை வைத்தார்கள். அவை எல்லாம் வீட்டை நோக்கியே முகம் வைத்திருந்தன. வீட்டிலிருந்து மேலே அனுப்புவதற்கு என்ன இருக்கிறது?

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வடத்தில் இணையத்தையும் அனுப்பலாம் என்று கம்பனிகள் தீர்மானித்தபோது இந்தக் கேள்வி வந்து நின்றது. வடத்தில் உள்ள இடத்தை ஏற்கெனவே டீவி பிடித்திருந்தது. அமெரிக்க முறையில் ஒவ்வொரு டீவி அலைவரிசைக்கும் 6 மெகாஹேர்ட்ஸ் அகலம். அவற்றில் மிகத் தாழ்வானது 54 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும். அங்கிருந்து மேலே 860 வரைக்கும், சில இடங்களில் அதற்கும் மேலே, டீவியின் ராச்சியம். 54 க்குக் கீழே மட்டும் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. வீட்டிலிருந்து போகும் பாதைக்கு அந்த மிச்சத்தைத்தான் கொடுத்தார்கள்: 5 முதல் 42 மெகாஹேர்ட்ஸ் வரை. 42 க்கும் 54 க்கும் நடுவில் உள்ள இடைவெளி, போவதும் வருவதும் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க விடப்பட்ட வேலி.

கணக்குப் பாருங்கள். வரும் பாதைக்கு 54 முதல் 860 வரை, அதாவது 806 மெகாஹேர்ட்ஸ். போகும் பாதைக்கு 37. இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. அதுவும் மோசமான இடம். வீட்டு மின்மோட்டார்களும் சிற்றலை வானொலியும் இரைச்சல் கிளப்பும் பகுதி அதுதான். பின்னால் வந்தவருக்கு வீட்டில் மிஞ்சிய திண்ணையைக் கொடுத்த மாதிரி.

1997 மார்ச்சில் டொக்சிஸ் என்ற பொதுத் தரநிலை வெளியானது. அதன் சூட்சுமம் எளிமையானது. 6 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டீவி அலைவரிசையைக் காலி செய்து, படத்துக்குப் பதிலாகத் தரவை அதில் ஏற்றினார்கள். செக்கனுக்கு ஏறக்குறைய 53 இலட்சத்து 60 ஆயிரம் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் 256 நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். 2 இன் 8 ஆம் அடுக்கு 256 என்பதால் ஒரு துடிப்புக்கு 8 பிட். பெருக்கினால் ஏறக்குறைய 43 மெகாபிட் வரும். வழியில் நேரும் பிழைகளைத் திருத்தச் சேர்க்கும் மேலதிக பிட்டுகளைக் கழித்தால் பாவனைக்குக் கிடைப்பது 38 அளவில். ஒரே ஒரு டீவி அலைவரிசையின் இடத்தில் இத்தனையும் அடங்கியது. 2006 இல் வந்த மூன்றாம் பதிப்பில் இப்படிப் பல அலைவரிசைகளை ஒன்றாகக் கட்டி ஒரே பாதையாக்கினார்கள்.

இப்போது வாப்பாவின் வழக்கை இந்த வடத்தில் வைத்து விசாரிப்போம். கேபிள் வடத்தில் டீவி அலைவரிசைகள் அனைத்தும் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். டீவியை நிறுத்துவதால் அவை நிற்பதில்லை. இணையத்துக்கு ஒதுக்கிய அலைவரிசைகளில் டீவி ஒருபோதும் கால் வைப்பதுமில்லை. ஆகவே கேபிள் வீட்டில் செய்தி பார்க்கும் வாப்பா முற்றிலும் நிரபராதி.

அங்கே வேகத்தைக் குறைப்பது பக்கத்து வீடு. கம்பனியிலிருந்து தெருமுனைப் பெட்டி வரைக்கும் ஒளியிழை வரும். அங்கிருந்து ஓரச்சு வடம் கிளை பிரிந்து சில நூறு வீடுகளுக்குப் போகும். அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் இணையப் பாதை பொதுவானது. அனைவருக்குமான தரவும் அனைவரின் வாசலுக்கும் வருகிறது. ஒவ்வொரு மோடமும் தன் பெயருக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மற்றவருடையதைப் பிரித்துப் பார்க்க முடியாதபடி அது பூட்டி அனுப்பப்படுகிறது. போகும் பாதையில் முறை வேறு. எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆகவே மறுமுனையில் உள்ள இயந்திரம், வகுப்புத் தலைவி போல, "இப்போது நீ, அடுத்தது நீ" என்று மிகச் சிறிய நேரத் துண்டுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் கை உயர்த்தினால் முறை வரத் தாமதமாகும்.

போகும் பாதைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. மரத்தின் கிளைகள் எல்லாம் அடிமரத்தில் சேர்வது போல நூற்றுக்கணக்கான வீடுகளின் வயர்கள் ஓரிடத்தில் சேர்கின்றன. ஒரு வீட்டில் முனை கழன்ற ஒரு வயர் இருந்தால் அதனூடாக நுழையும் இரைச்சல் அந்த வீட்டை மட்டும் பாதிப்பதில்லை. மேலே போய் எல்லோருடைய சைகையோடும் கலந்துவிடும். ஒரு வீட்டின் கவனக்குறைவுக்கு முழுத் தெருவும் பதில் சொல்ல வேண்டி வரும்.

இப்படிப்பட்ட ஒரு சம்பவம் 2020 இல் உலகச் செய்தியானது. அது கேபிள் வடத்தில் நடந்ததல்ல, தொலைபேசிக் கம்பியில். ஐக்கிய இராச்சியத்தின் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்ற சிறு கிராமம். பதினெட்டு மாதங்களாகத் தினமும் காலை ஏழு மணிக்கு அந்த ஊரின் இணையம் விழுந்துவிடும். கம்பிகளை மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் பொறியியலாளர்கள் மீடிறன் அளக்கும் கருவியோடு விடியற்காலை ஆறு மணிக்கே ஊருக்குள் நடந்து திரிந்தார்கள். ஏழு மணி ஆனதும் கருவி துள்ளியது. ஒரு வீட்டில் இருந்த பழைய டீவியைப் போட்டதும் அதிலிருந்து கிளம்பிய மின்னிரைச்சல் முழுக் கிராமத்தின் கம்பிகளையும் குழப்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வெட்கப்பட்டு, இனி அதைப் போடவே மாட்டேன் என்று ஒத்துக்கொண்டாராம். "டீவிய நிப்பாட்டுங்க" என்பது முழுக்க நியாயமாகப் பொருந்திய வீடு அது ஒன்றுதான் போலும்!

எமது நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்குக் கேபிள் வடம் வரவில்லை. டீவிக்கு அன்ரனாவும் செய்மதி டிஷ்ஷும், இணையத்துக்குத் தொலைபேசிக் கம்பியும் என்றுதான் நாம் வளர்ந்தோம். பிறகு அந்தத் தொலைபேசிக் கம்பியிலேயே டீவியும் வந்து ஏறியது. ஸ்ரீ லங்கா டெலிகொம்மின் பியோ டீவி அப்படி வந்ததுதான். ஆகவே எமக்கு மிக நெருக்கமான பங்கீடு இந்த மெல்லிய சோடிக் கம்பியில் நடப்பது.

இந்தக் கம்பி குரலுக்காகப் போடப்பட்டது. குரலுக்குத் தேவை 4 கிலோஹேர்ட்ஸ் மட்டும். அதற்கு மேலே உள்ள இடம் ஒரு நூற்றாண்டுக் காலம் வெறுமனே கிடந்தது. ஏடிஎஸ்எல் என்ற முறை அந்த வெற்றிடத்தில் குடியேறியது. ஏறக்குறைய 26 முதல் 138 கிலோஹேர்ட்ஸ் வரை வீட்டிலிருந்து போகும் பாதை. 138 முதல் 1104 கிலோஹேர்ட்ஸ் வரை வீட்டுக்கு வரும் பாதை. தொலைபேசிக்கு அருகில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி தொங்குமே, ஸ்ப்ளிட்டர் என்று சொல்வார்களே, அதற்குள்ளே இருப்பது ஒரு வடி. குரலை ஒரு பக்கமும் தரவை மறுபக்கமும் அது அனுப்புகிறது. அதைக் கழற்றிவிட்டு நேரடியாகத் தொலைபேசியைச் செருகினால் காதில் உஸ் என்ற இரைச்சல் கேட்கும்; இணையமும் அடிக்கடி அறுந்து விழும்.

இங்கேயும் அதே பாரபட்சம்: போவதற்கு 112, வருவதற்கு 966. இந்த முறையின் பெயரிலேயே 'சமச்சீரற்ற' என்ற சொல் இருக்கிறது. ஏன் இப்படி?

1980 களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் ஜோசப் லெக்லைடர் என்ற பொறியியலாளர் இதை முன்வைத்தார். தொலைபேசிக் கம்பிகள் தனித்தனியே போவதில்லை. நூற்றுக்கணக்கான சோடிகள் ஒரே கட்டாகப் போகின்றன. இரண்டு திசையிலும் சம வேகத்தில் அனுப்பினால் பக்கத்துச் சோடியின் சத்தம் இதில் ஏறும். ஒரு திசையை மெதுவாக்கினால் மற்றத் திசையைப் பல மடங்கு வேகமாக்கலாம் என்று அவர் கண்டார். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் திசையை மெதுவாக்குவது? அன்று தொலைபேசிக் கம்பனிகளின் கனவு இணையம் அல்ல. கேபிள் டீவியோடு போட்டி போட்டு, தொலைபேசிக் கம்பி வழியாக வீடுகளுக்குத் திரைப்படம் அனுப்புவது. திரைப்படம் பார்ப்பவர் மேலே அனுப்ப வேண்டியது "இந்தப் படத்தைப் போடு" என்ற ஒரு கட்டளை மட்டும். ஆகவே வீட்டிலிருந்து போகும் திசை ஒடுக்கப்பட்டது.

கேபிள் வடத்தில் டீவி முதலில் வந்து இடம் பிடித்ததால் போகும் பாதை ஒடுங்கியது. தொலைபேசிக் கம்பியிலோ டீவி வரப்போகிறது என்ற எண்ணமே அதை ஒடுக்கிவிட்டது. இரண்டு வழியாலும் நாம் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

தொலைபேசிக் கம்பி வழியாக வரும் டீவிக்குக் கேபிளில் இருப்பது போலத் தனி மீடிறன் இல்லை. அதுவும் தரவாகவே, இணையம் வரும் அதே பாதையில் வருகிறது. எல்லா அலைவரிசைகளும் வீட்டுக்கு வருவதுமில்லை. அவ்வளவுக்கு இடம் போதாது. ரிமோட்டில் ஓர் எண்ணை அழுத்தியதும் டீவிப் பெட்டி "எனக்கு இந்த அலைவரிசை வேண்டும்" என்று மேலே ஒரு சிறு செய்தி அனுப்பும். அதன் பிறகே அந்த ஒன்று மட்டும் உங்கள் கம்பியில் திருப்பிவிடப்படும். அலைவரிசை மாற்றும்போது ஒரு கணம் திரை கறுப்பாவது இதனாலும்தான்.

ஆகவே இந்த வீட்டில் வாப்பா முழு நிரபராதி அல்லர். பரிமாற்று நிலையத்திலிருந்து வீடு தூரமாகத் தூரமாகக் கம்பியின் உயர் மீடிறன்கள் தேய்ந்து வேகம் குறையும். உதாரணத்துக்கு, தூரத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு 8 மெகாபிட்தான் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீவி அதில் 3 எடுத்தால் மீதி 5. இதில் டீவிக்கே முன்னுரிமை கொடுப்பது வழக்கம். இணையப் பக்கம் அரைச் செக்கன் பிந்தித் திறந்தால் யாருக்கும் தெரியாது. கிரிக்கெட்டில் பந்து வரும் நேரம் படம் நின்றால் வீடே கத்தும். டீவியை நிறுத்தினால் அந்த 3 உம் இணையத்துக்குத் திரும்பி வரும்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பல வீட்டுச் சண்டைகள் குறையும் என்பது எனது எண்ணம். ஆசிரியையின் முகம் எமக்கு உறைந்து நின்றால் நெருக்கடி வரும் பாதையில். அப்போது டீவியை நிறுத்துவதில் அர்த்தமுண்டு. ஆசிரியை எமக்குத் தெளிவாகத் தெரிகிறார், ஆனால் "மகள், உங்கட குரல் விட்டு விட்டுக் கேக்குது" என்று அவர் சொல்கிறார் என்றால் நெருக்கடி போகும் பாதையில். டீவி அந்தப் பாதையை ஏறக்குறையப் பாவிப்பதே இல்லை. நாள் முழுக்க டீவியை அணைத்து வைத்தாலும் எமது குரல் தெளிவாகப் போகாது.

மத்திய கிழக்கில் உழைக்கும் சொந்தங்கள் உள்ள வீடுகளில் இது தினமும் நடக்கும். கட்டாரில் இருக்கும் மாமாவோடு வீடியோவில் பேசும்போது உம்மும்மாவுக்கு அவருடைய முகம் நன்றாகவே தெரிகிறது. சட்டையில் பொத்தான் விழுந்திருப்பது வரைக்கும் கண்டுபிடித்துவிடுவார். அவரோ "உம்மா, உங்கட மூஞ்சி அப்படியே நிக்குது, விளங்குதில்ல" என்பார். உம்மும்மாவுக்கு ஆச்சரியம்: "எனக்கு நல்லா விளங்குதே, ஒனக்கு மட்டும் என்ன?" மகனின் முகம் வந்தது எமது கம்பியின் 966 வழியாக. உம்மாவின் முகம் போக வேண்டியது 112 வழியாக.

அந்த ஒடுங்கிய பாதையை அடைப்பவை எவை? பெரும்பாலும் எமது கைபேசிகளே. வீட்டு வைஃபை கிடைத்ததும் அன்று எடுத்த புகைப்படங்களையும் வீடியோக்களையும் சொல்லாமல் கொள்ளாமல் மேலே அனுப்பிச் சேமிக்கத் தொடங்கிவிடும். கலியாண வீட்டுக்குப் போய் வந்த இரவில் நான்கு கைபேசிகள் ஒன்றாக இதைச் செய்தால் பாதை நிரம்பிவிடும். அதோடு நிற்பதுமில்லை. இணையத்தில் எந்தத் தரவு வந்தாலும் "கிடைத்தது" என்று ஒரு சிறு பற்றுச்சீட்டு மேலே போக வேண்டும். அது போகாவிட்டால் அனுப்புபவர் மேற்கொண்டு அனுப்பத் தயங்குவார். ஆகவே போகும் பாதை அடைபட்டால் வரும் பாதையும் சேர்ந்து மந்தமாகும். டீவியைக் குற்றம் சொல்பவரின் கையில் உள்ள போனே குற்றவாளியாக இருக்கக்கூடும்.

இப்போது பல ஊர்களில் செம்புக்குப் பதிலாக ஒளியிழை வீட்டுக்கே வருகிறது. தலைமுடி அளவு கண்ணாடி இழை. அவதிக்கோணத்தை விடப் பெரிய கோணத்தில் படும் ஒளி முழு அகத்தெறிப்பு அடைந்து வெளியேறாமல் ஓடும். கண்ணாடியைப் போதிய அளவு சுத்தமாக்கினால் இதைக் கொண்டு நெடுந்தூரத் தொடர்பாடல் நடத்தலாம் என்று 1966 இல் சொன்ன சார்ள்ஸ் காவோவுக்கு 2009 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியிழையில் பங்கீடு நிறத்தால். எமது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்கள் என்றாலும் நிறம் என்றே சொல்வோம். வீட்டுக்கு வருவது 1490 நனோமீற்றர், வீட்டிலிருந்து போவது 1310. பழைய கேபிள் முறையில் டீவியை அனுப்ப விரும்பும் கம்பனிகளுக்கு 1550 என்று தனியாக ஒரு நிறமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாவிக்காத இடங்களில் டீவி இங்கேயும் தரவாகவே வரும். ஆனால் இடம் தாராளம் என்பதால் யாரும் யாரையும் நிறுத்தச் சொல்லத் தேவையில்லை.

ஓர் இழையை வழியில் ஒரு கண்ணாடிப் பிரிப்பான் முப்பத்திரண்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதற்கு மின்சாரம் கூடத் தேவையில்லை. போகும் திசையில் இங்கும் நேரத் துண்டு முறைதான். இதில் நான் மிகவும் ரசித்த ஒரு விடயம் உண்டு. ஒரு வீடு நிலையத்திலிருந்து 2 கிலோமீற்றரிலும் இன்னொன்று 10 கிலோமீற்றரிலும் இருந்தால் இரண்டின் ஒளியும் வந்து சேரும் நேரம் வேறுபடும். இழைக்குள் ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 20 கோடி மீற்றர். 8 கிலோமீற்றர் வித்தியாசத்துக்கு 40 மைக்ரோசெக்கன். அற்பம் என்று தோன்றும். ஆனால் செக்கனுக்கு 1.244 கிகாபிட் வேகத்தில் அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய 50 ஆயிரம் பிட்டுகள் போய்விடும். அடுத்த வீட்டின் முறையை மிதித்துவிடும். ஆகவே நிலையம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒளியை அனுப்பித் திருப்பிப் பெற்றுத் தூரத்தை அளந்து, "நீ கிட்ட இருக்கிறாய், இவ்வளவு நேரம் பொறுத்துப் பேசு" என்று கட்டளையிடும். கிட்ட இருப்பவர் காத்திருப்பதால் தூர இருப்பவருக்கும் சமமான முறை கிடைக்கிறது. எந்த வீட்டாருக்கும் இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

இந்த 1.244 என்பது போகும் திசைக்கு. வரும் திசைக்கு 2.488, சரியாக இரு மடங்கு. செம்பில் 112 க்கு 966 என்று இருந்த இடத்தில் இது பெரிய முன்னேற்றம்தான். 2016 இல் வெளியான அடுத்த தரநிலையில் இரண்டு திசைக்கும் சமமாக 10 கிகாபிட். கேபிள் வடத்திலும் 42 இல் இருந்த வேலியை 85 க்கும் 204 க்கும் நகர்த்தத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காகக் கீழே இருந்த டீவி அலைவரிசைகள் இடம்பெயர வேண்டியிருக்கிறது. எழுபது ஆண்டுகளாக அசையாமல் இருந்த முதல் குடித்தனக்காரர் இப்போதுதான் கட்டிலை நகர்த்துகிறார்.

இழை இடம் கொடுத்தாலும் எமது வீட்டுக்கு எவ்வளவு திறந்துவிடுவது என்பதை நாம் எடுக்கும் பெக்கேஜ் தீர்மானிக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வரும் வேகம். போகும் வேகம் பல வேளைகளில் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள். வீட்டுக்கு இணைப்பு எடுக்கும்போது படிவத்தை நிரப்பப் பெரும்பாலும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கையொப்பத்துக்காக வாப்பாவிடம் நீட்டுவதற்கு முன் அந்த இரண்டாவது எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.